ஏறி வரும் வண்டிக்கு வழி

ஓரிக்கை,
காஞ்சிபுரம்.
12-6-2025, வியாழன்.

அன்பு மகள் காஞ்சனாவுக்கு, உன் அப்பா முனிரத்தினம் எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே மலையில் நீயும், மாப்பிள்ளை ஜான்சனும், அபிக்குட்டியும், சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். ஓரிக்கையில் நாலு நாளாக வெயில் கொளுத்துகிறது. பாலாற்றில் மணல் இருக்கிறது, தண்ணீர் இல்லை. இது உனக்குப் புதுச் செய்தி இல்லை.

போனில் பேசக் கூடாதா என்பாய். போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். நடுவில் ஜான்சன் வாங்கி, "மாமா, அப்புறம் பேசலாம் மாமா" என்று வைத்துவிடுகிறார். காகிதத்தில் யாரும் யாரையும் நிறுத்த முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படி.

நீ செல்போனில் அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தைப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்தேன். "பெருமதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கு" என்று தொடங்குகிறது. அதைப் பார்த்து என் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமைக்குள் உனக்குக் கிடைக்கிற மாதிரி அனுப்பச் சொல்கிறாய். திங்கட்கிழமை உன் கல்லூரியில் கமிட்டி கூடுகிறது. ஆறு வருஷமாகத் தற்காலிகமாக இருக்கிற உன் வேலையை நிரந்தரம் ஆக்குவதா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவு செய்கிறார்கள். கமிட்டிக்குத் தலைவர் அதே தாளாளர். எல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்துதான் சொல்கிறேன். நான் எழுத மாட்டேன்.

முதல் வரியில் "வயது முதிர்வின் காரணமாக நிதானம் தவறி" என்று போட்டிருக்கிறாய். எனக்கு அறுபத்தெட்டு வயது. மறைக்கவில்லை. ஆனால் நிதானம் எங்கே தவறியது? அன்றைக்கு ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன். முதல் கியரில் நிறுத்தியிருந்தேன். இறங்கிப் போய்ப் பின் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தேன். நாலு பக்க இண்டிகேட்டரும் எரிந்துகொண்டிருந்தது. நிதானம் தவறியவன் பனியில் குனிந்து நல்ல கல்லாகத் தேடிக்கொண்டிருக்க மாட்டான்.

அடுத்த வரி, "தங்கள் வாகனம் என்று அறியாமல்". அறிந்துதான் நின்றேன். நீயே வேனிலிருந்து இறங்கி வந்து, "அப்பா, அதுல இருக்கறவரு யாருன்னு தெரியுமாப்பா?" என்று கேட்டாய். "தெரியும், எறங்கி வர்ற வண்டி" என்று சொன்னேன். அந்தப் பதிலை இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை.

இனி உனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முப்பத்தெட்டு வருஷம் வாடகை வேன் ஓட்டினேன். ஒவ்வொரு மே மாதமும் பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்காரர்கள் நாலு குடும்பம் சேர்ந்து தறியை மூன்று நாள் நிறுத்திவிட்டு என் வேனைப் பேசுவார்கள். மாணிக்கவாசகம் வீட்டார் ஒரு வருஷமும் தவறியதில்லை. உங்கள் மலைக்கு மட்டும் நூறு தடவைக்கு மேல் ஏறியிருப்பேன். அடிவாரத்தில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரியில் இறக்கி, காட்சி முனையில் இறக்கி, சாப்பாட்டுக்கு நிழலாகப் பார்த்து நிறுத்தி, மறுபடியும் ஏற்றி இறக்குவேன். "டிரைவர், வண்டியப் பாத்துக்கோங்க" என்று போவார்கள். அவர்கள் பார்த்த காட்சி எல்லாம் எனக்கு அவர்கள் முதுகுதான். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டுவார்கள். எதைக் காட்டுகிறார்கள் என்று நான் போய்ப் பார்த்தது கிடையாது. வண்டிக்குள் பை இருக்கும், செருப்பு இருக்கும், தூங்குகிற குழந்தை ஒன்று இருக்கும்.

நீ எட்டாவது படிக்கும்போது உன் ரேங்க் கார்டில் என் கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டாய். ஞாபகம் இருக்கிறதா? நான் மலையில் இருந்தேன், மறுநாள் காலை கார்டைக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் உன் அம்மா சொல்லிக்கொடுத்துவிட்டாள். வாங்கிப் பார்த்தேன். என்னைவிட நன்றாகப் போட்டிருந்தாய். நான் சிரித்தேன், அடிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஊரில் இல்லாத நாளெல்லாம் நீயே போட்டுக்கொண்டாய்.

ஆக, என் சொந்தக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நான் மலையேறியது இந்த மே மாதம்தான் முதல் தடவை. அது உனக்கு உறைக்கவே இல்லை. உனக்கு அது தினம் பஸ்ஸில் போகிற பாதை.

ஐந்து நாள் நன்றாகத்தான் போனது. அதை நான் மறுக்கவில்லை. ஏரியில் படகு ஏற உன் அம்மா மறுத்துவிட்டாள். "கவுந்தா யாரு புடிப்பா, உன் வேனா?" என்று கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். பிறகு மலையைச் சுற்றி வருகிற ரோட்டில் காப்பித் தோட்டம் வழியாகப் போனோம். உயரமான சவுக்கு மாதிரி நிற்கிற மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. சம்பந்தியம்மா ஒவ்வொரு மரத்துக்கும் "ஸ்தோத்திரம்" சொன்னார். நாங்கள் இங்கிருந்து மந்தாரை இலையில் கட்டி எடுத்து வந்த கோவில் இட்லியைக் குரங்கு பொட்டலத்தோடு தூக்கிக்கொண்டு போனது. ஜான்சன் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். விளையாட்டு வாத்தியார் குரங்கிடம் தோற்றுவிட்டார் என்று அபி நாள் முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான்கூடச் சிரித்தேன்.

நான் ஒரே ஒரு வேலை வைத்திருந்தேன். இருட்டுகிற நேரத்தில் காட்சி முனையில் நின்று கீழே சேலத்தில் விளக்கு எரிவதை அபிக்குக் காட்டுவது. "ஊரு முழுக்க கார்த்திகை மாதிரி எரியும்" என்று அவளிடம் சொல்லியிருந்தேன். நானே பார்த்ததில்லை. மாணிக்கவாசகம் வீட்டம்மா வண்டியில் ஏறும்போது சொன்னதைத்தான் நான் சொன்னேன். தினம் ஒரு தடங்கல். ஒரு நாள் மழை, ஒரு நாள் கோடை விழாக் கூட்டம், ஒரு நாள் சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி. ஆறாவது நாள்தான் சரியாக வந்தது.

அன்று பின்பக்கத்துச் சின்னப் பாதையில் இறங்கி, ஓடையோரம் சாப்பிட்டுவிட்டு, ஐந்து மணிக்கு மறுபடியும் ஏறினோம். விழாக் கூட்டத்தால் பெரிய பாதையில் போக முடியாது. அதனால்தான் உன் தாளாளரும் அந்தப் பாதையில் வந்திருக்க வேண்டும். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நடுவில் ஒரே ஒரு வண்டி போகிற அகலம். எதிரே விளக்கைப் போட்டுக்கொண்டு அந்தப் பெரிய கார் வந்து என் மூக்குக்கு நேரே நின்றது.

இதைக் கவனமாகப் படி. அந்தக் காருக்குப் பின்னால் பத்து எட்டில் பஸ் ஒதுங்குகிற அகலமான இடம் இருந்தது. நான் அண்ணாந்து பார்த்தாலே தெரிந்தது. எனக்குப் பின்னால் அப்படி இடம் வேண்டுமானால் இருநூறு எட்டு போக வேண்டும், இறக்கத்தில், பின்பக்கமாக, ஒரு வளைவைத் தாண்டி, பனியில், உன்னையும் உன் மகளையும் வைத்துக்கொண்டு.

அந்தக் கார் டிரைவர் நல்ல டிரைவர், பெயர் முருகேசன் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி, ரிவர்ஸ் கியர் போட்டான். பின் விளக்கு வெள்ளையாக எரிந்து பாறையில் பட்டதை நான் பார்த்தேன். அதற்குள் பின் சீட்டுக் கண்ணாடி பாதி இறங்கியது. "நீ எதுக்குடா எடுக்குற? அவன எடுக்கச் சொல்லு" என்று குரல் வந்தது. வெள்ளை விளக்கு அணைந்தது.

அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு நான் நின்றேன். முக்கால் மணி நேரம் நின்றேன். எனக்குப் பின்னால் இரண்டு ஜீப்பும் ஒரு பால் வண்டியும் சேர்ந்தன. யாரும் என்னைத் திட்டவில்லை, ஏனென்றால் அவர்களும் ஏறி வந்தவர்கள். வேனுக்குள் சம்பந்தியம்மா கர்த்தரைக் கூப்பிட்டார், உன் அம்மா காமாட்சியைக் கூப்பிட்டாள். நீ இறங்கிப் போய், அந்தப் பாதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, "சார், சாரி சார், அப்பாவுக்கு வயசாயிடுச்சு சார்" என்று சொன்னாய். கண்ணாடி உனக்காக இன்னும் ஒரு விரல்கூட இறங்கவில்லை. அதை நீ கவனித்தாயா என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்தேன்.

பிறகு நீ என்னிடம் வந்து, "அப்பா, எனக்காகப்பா, கொஞ்சம் பின்னாடி எடுப்பா" என்றாய். ஜான்சன் வந்து, "மாமா, எறங்குங்க, நான் எடுக்குறேன்" என்று கையை நீட்டினார். சாவியை அவர் கையில் வைத்தேன். எறியவில்லை. நான் சாவியை எறிந்தேன் என்று நீ உன் அம்மாவிடம் சொன்னது பொய்.

ஜீப்புகளையும் பால் வண்டியையும் முதலில் பின்னால் போகச் சொல்லி, ஜான்சன் வேனை இறக்கினார். நல்லவேளை, நன்றாகத்தான் இறக்கினார். வளைவில் மட்டும் இடது பின் சக்கரம் ஓரக்கல்லைத் தொட்டது. ஒரு சின்னக் கல் உருண்டு பள்ளத்தில் போன சத்தம் எனக்குக் கேட்டது. அபி முன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் பின்னால் போனாள். அந்தக் கார் என்னைத் தாண்டிப் போயிற்று. கண்ணாடி முழுவதும் ஏற்றியிருந்தது.

நான் வேனில் ஏறவில்லை. ஏழு கிலோமீட்டர் நடந்தேன். நீங்கள் என் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே கூப்பிட்டீர்கள். பிறகு போய்விட்டீர்கள். அன்றைக்கு விளக்கு பார்க்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் உன் அம்மாவை எழுப்பி ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். இதுவரை உனக்குத் தெரியும்.

தெரியாதது இது. நான் நடந்துகொண்டிருந்தபோது முருகேசன் காலிக் காரோடு திரும்பி வந்தான். அவரை எஸ்டேட் பங்களாவில் இறக்கிவிட்டு வருகிறானாம். காரை நிறுத்தி, "ஏறுங்கண்ணா, டவுன்ல எறக்கி உட்டுர்றேன்" என்றான். அந்தக் காரில் ஏற மாட்டேன் என்றேன். அவன் சண்டை போடவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். "ரூலு உங்க பக்கந்தான்ணா. நானே எடுத்திருப்பேன், பாத்தீங்கல்ல" என்றான். "அத அவரு எதிர்ல சொல்றதுதானே" என்று கேட்டேன். சிரித்தான். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்குதுங்ண்ணா" என்றான்.

அந்தத் தண்ணீரைக் குடித்தேன். அவன் சொன்னதற்கு ஒரு பதில் இருக்கிறது. இப்போது சொல்கிறேன், உன்னிடம்.

என் அப்பா கன்னியப்பன் தென்னேரியில் கூலிக்குப் போனவர். அந்த ஏரிக்கரை உனக்குத் தெரியும், ஒரு மாட்டு வண்டி போகிற அகலம்தான் அப்போது. அப்பா தலையில் நாற்றுக்கட்டு வைத்துக்கொண்டு போவார், நான் பின்னால் இன்னொரு சின்னக் கட்டோடு போவேன். எதிரே நிலத்துக்காரர் வண்டி வந்தால் நாங்கள் கரையிலிருந்து தண்ணீர்ப் பக்கம் இறங்கி நிற்க வேண்டும். முழங்கால் தண்ணீரில், சுமையோடு, வண்டி போகிற வரைக்கும். வண்டியில் பாரம் இருக்காது, ஒரே ஒரு ஆள் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பாரம் எங்கள் தலையில்தான் இருக்கும். ஒரு நாள் நான் அப்பாவிடம், "நம்மகிட்டதானே சொம இருக்குது, அவுரு நிக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அப்பா என் வாயைப் பொத்தினார். அந்தக் கையில் சேற்று வாசனை. அவரும் அப்போது, எனக்குப் பிள்ளை இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார். முருகேசன் மாதிரி. உன்னைப் போல.

எனக்கு எழுத்து யாரும் சொல்லித்தரவில்லை. பஸ் போர்டைப் பார்த்தும், மைல்கல்லைப் பார்த்தும் கற்றேன். மலைப்பாதையில் ஓட்ட லைசென்சில் தனி அனுமதி வேண்டும், அதைப் புதுப்பிக்கும்போது கேள்வி கேட்பார்கள் என்று சொன்னதால் விதிப் புத்தகம் ஒன்று வாங்கினேன். தறிக்காரர்கள் காட்சி முனையில் நின்ற நேரமெல்லாம் நான் வேனுக்குள் உட்கார்ந்து அதை எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். நான் தடங்கலில்லாமல் படித்த முதல் முழு வரி எது தெரியுமா? "மலைப்பாதையில் இறங்கி வரும் வாகனம், ஏறி வரும் வாகனத்திற்கு வழி விட வேண்டும்." அதைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்தை மடித்து வைத்தேன். யார் வண்டி என்று அதில் கேட்கவில்லை. என்ன விலை வண்டி என்று கேட்கவில்லை. பாரம் இழுத்துக்கொண்டு ஏறுகிறவனை நிறுத்தாதே என்று மட்டும் இருந்தது. தென்னேரிக் கரையில் நான் கேட்ட கேள்விக்கு அரசாங்கமே பதில் எழுதி அச்சடித்து வைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அந்த மலையில் எத்தனையோ பேர் எனக்காக நின்றிருக்கிறார்கள். நானும் இறங்கும்போது எத்தனையோ பேருக்காக நின்றிருக்கிறேன். கலெக்டர் ஜீப்பு எனக்காக நின்றிருக்கிறது. அந்த விதிக்காக நான் மன்னிப்புக் கேட்டால், அந்தப் பக்கத்தை நானே கிழித்த மாதிரி.

நீ சொல்வது எனக்குக் கேட்கிறது. "உன் வீம்புல என் வாழ்க்கைய ஏன்பா வெக்கிற?" என்று அழுதாயே, அது காதிலேயே இருக்கிறது. நீ ஆறு வருஷமாகப் பாடம் நடத்தியதைப் பார்த்துக் கொடுக்கட்டும். உன் பிள்ளைகள் வாங்கிய மார்க்கைப் பார்த்துக் கொடுக்கட்டும். உன் அப்பன் வேனைப் பின்னால் எடுத்தானா என்று பார்த்துக் கொடுக்கிற வேலை எவ்வளவு நாளைக்கு நிரந்தரம்?

இந்த விஷயத்தில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒரே ஒருத்தியிடம்தான். அபியிடம் சொல். அன்றைக்கு அவளை விளக்கு பார்க்க அழைத்துப் போகாமல் ரோட்டில் நடந்து போனது தாத்தாவின் தப்பு. அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவளை வேனில் விட்டுவிட்டு நான் போயிருக்கக் கூடாது. இதை என் கையால் எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் அவளிடமே காட்டு. காலாண்டு லீவில் வருகிறேன். அதே பாதையில்தான் ஏறுவேன்.

உன் மாதிரிக் கடிதத்தைக் கையெழுத்து இல்லாமல் இதோடு திருப்பி அனுப்புகிறேன். உன் அம்மா தைலம் அனுப்புகிறாள், சம்பந்தியம்மாவின் முழங்காலுக்கு.

13-6-2025, வெள்ளி.

காஞ்சனா, நேற்று எழுதியதை இன்னும் தபாலில் போடவில்லை. இன்றைக்கு ஸ்பீடு போஸ்டில் போட்டால் நாளைக்கு உன் கைக்கு வந்துவிடும்.

காலையில் கவரை ஒட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா காப்பியை வைத்துவிட்டு, "இன்னாத்துக்குயா இவ்ளோ எழுதிக்கினு கீற? அவ எழுதி, உன் கையெழுத்தையும் போட்டு ரெடியா வெச்சிட்டா. திங்கக்கெழம குடுக்கப் போறா" என்று சொன்னாள். செவ்வாய்க்கிழமையே நீ அவளிடம் சொல்லிவிட்டாயாம். மூன்று நாளாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை மறைத்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ வண்டிய எடுத்துக்கினு மலைக்கிப் பூடுவ. ஒரு தபா ஓடுனது பத்தாதா?" என்றாள். உன் அம்மா தில்லையம்மாள் என்னை அறிந்தவள். சாவியைக்கூட அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் வாசலில் வேனுக்குள் போய் உட்கார்ந்திருந்தேன். சாவி இல்லாமல்தான்.

கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். நீ என்னைக் கேட்ட மாதிரி, அடுத்தவர் எழுதியதைப் பார்த்து எழுது என்று உன்னிடம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என் பெயரை நீ ரேங்க் கார்டில் போட்டபோது அதில் உன் மார்க் இருந்தது. முதல் மார்க். இப்போது போட்டிருப்பதில் என்ன இருக்கிறது? நான் நிதானம் தவறியவன் என்று இருக்கிறது. அறியாதவன் என்று இருக்கிறது.

நான் வரமாட்டேன். வந்து சண்டை போட மாட்டேன். போன் செய்யவும் மாட்டேன். ஆனால் இந்த மூன்று விஷயத்தைத் தெரிந்துகொள்.

ஒன்று, நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காகிதத்தில் யார் பெயர் இருந்தாலும் நான் கேட்கவில்லை. அது உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

இன்னொன்று, நீ அதைக் கொடுத்து, நாளைக்கு அவரோ கமிட்டியோ எனக்குப் போன் போட்டு, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டால், ஆமாம், என் கையெழுத்துதான் என்று சொல்வேன். எந்த இடத்தில் வந்து கேட்டாலும் அதையே சொல்வேன். பொய்க் கையெழுத்துப் போட்டவள் என்று என் மகளை யாரும் நிறுத்திக் கேட்க விடமாட்டேன். உனக்காகப் பொய் சொல்வேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உன் அம்மா கேட்கிறாள். எனக்குத் தெரிகிறது. உனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, உனக்குத் திருப்பி அனுப்புகிற மாதிரிக் கடிதத்தின் பின்பக்கத்தில் அந்த விதியை முழுவதும் என் கையால் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அது ஒன்றுதான் நான் அவருக்குத் தருகிற கடிதம். திங்கட்கிழமை உன் பையில் இரண்டு காகிதம் இருக்கும். எதை எடுத்துக் கொடுப்பது, எதையுமே கொடுக்காமல் உன் பாடத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருவது, எல்லாம் உன் கையில். நான் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் காலாண்டு லீவில் நான் வருவேன். அபியோடு விளக்கு பார்க்க வேண்டும்.

நீ நிரந்தரம் ஆவாய் அம்மா. ஒரு காகிதத்தால் இல்லை, நீ ஏறி வந்த தூரத்தால் ஆவாய். உன் தாத்தா தண்ணீரில் இறங்கி நின்றார், நான் ரோட்டில் நின்றேன், நீ அதற்கும் மேலே போய்விட்டாய். ஒரு நாள் அந்த மாதிரிக் காரில் நீயும் பின்னால் உட்கார்ந்து இறங்கி வருவாய். வர வேண்டும். அன்றைக்கு எதிரே யாராவது பழைய வேனில் பிள்ளைகுட்டியோடு ஏறி வந்தால், கண்ணாடியை முழுவதும் இறக்கு. உன் டிரைவரிடம் ஓரம் கட்டச் சொல். அந்த வண்டி போன பிறகு நீ போ.

அதற்கு மட்டும் எனக்கு வாக்குக் கொடு. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

காமாட்சியும் உன் மாமியாரின் கர்த்தரும் உன்னோடு துணை இருக்கட்டும்.

என் கையாலேயே எழுதி,
உன் அப்பா,
க. முனிரத்தினம்.